எங்கே இறங்குவது?

கையிலே ஒரு பயணச் சீட்டு. அதிலே ஊர்ப் பெயர் இல்லை, நாள் குறிக்கப்படவில்லை, இன்ன வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டளையும் இல்லை. இரண்டு திங்களுக்குள் நாம் விரும்பும் பத்து நாட்கள். ஐரோப்பாக் கண்டத்து 33 நாடுகளின் இருப்புப்பாதைகள். சில விரைவு வண்டிகளில் மட்டும் இருக்கைக்கெனத் தனிக் கட்டணம். மற்றபடி ஏறுவதும் இறங்குவதும் நம் விருப்பம்! காலையிலே கண்விழித்து, "இன்று எந்த ஊர்?" என்று நம்மை நாமே கேட்டுக் கொள்ளலாம். மழை பிடிக்கவில்லையா, வெயில் காயும் ஊருக்குப் போகலாம். ஓர் ஊர் பிடித்துவிட்டதா, இன்னும் இரண்டு நாள் தங்கலாம். ஏன் என்று கேட்பாரில்லை. கூடாது என்று தடுப்பாரில்லை.

சென்ற கோடையிலே இத்தகைய சீட்டுடன், தோழர் ஒருவரோடு, நாம் அந்நாடுகளின் பழம்பெரும் நகரங்களைச் சுற்றி வந்தோம். கண்டவற்றை வரிசைப்படுத்திக் காட்டுவது நம் நோக்கமன்று. கோபுரத்தின் உயரமும், ஓவியத்தின் வயதும், உணவு விடுதியின் முகவரியும் வழிகாட்டி நூல்களிலே வேண்டுமட்டும் உண்டு. நாம் எழுத முனைந்தது, அந்தச் சீட்டு நம்மை நோக்கி எழுப்பிய ஒரு கேள்வியைப் பற்றி. எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற உரிமை பெற்றவன், எங்கே இறங்க வேண்டும்? அழகைக் காண வந்தவனுக்கு, அந்த அழகின் அடியிலே கிடக்கும் அநீதியையும் காண வேண்டிய கடமை உண்டா, இல்லையா?

எளிய கேள்விதான். ஆனால், எளிதிலே விடவில்லை நம்மை!

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். ஓய்வைப் பழிப்பவரல்லர் நாம்; ஊர் சுற்றுவதை வீண் என்று உதறுபவருமல்லர். சில நூற்றாண்டுகளுக்கு முன்னர், ஐரோப்பாவின் பழைய நகரங்களைக் கண்டுகளிப்பது சீமான் வீட்டுப் பிள்ளைகளின் தனியுரிமையாக இருந்தது. ஆசிரியர் ஒருவரும் பணியாட்கள் சிலரும் புடைசூழ, குதிரை வண்டியேறி, பாரிசையும் ரோமையும் கண்டு திரும்புவர் ஆங்கிலப் பிரபுக்களின் மைந்தர்கள். வண்டி செய்தவனும் குதிரைக்குப் புல் வெட்டியவனும் தம் ஊர் எல்லையைத் தாண்டியறியார்.

அந்த வேலியை உடைத்தது இருப்புப்பாதை. 1841 ஜூலை 5ஆம் நாள், தாமஸ் குக் என்ற தச்சுத் தொழிலாளி, லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி இரயில் ஒன்றை ஏற்பாடு செய்தார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். ஏறக்குறைய 500 பேர் சென்றனர். எதற்காக? மது ஒழிப்புக் கூட்டத்துக்காக! உல்லாசப் பயணம் என்று இன்று உலகமெங்கும் கோடி கோடியாகப் பணம் புரளும் தொழிலின் தொட்டில், சீர்திருத்தக் கூட்டத்துக்குப் போன ஒரு இரயில் பெட்டி. 1936ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுத் தொழிலாளர் ஆலைகளிலே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். மக்கள் முன்னணி ஆட்சி, சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அவர்கள் பயணம் செய்ய இரயில் கட்டணத்திலே நூற்றுக்கு 40 தள்ளுபடியும் அளித்தது. அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டனர் பல்லாயிரம் பாட்டாளிகள். 1959இல் பிற கண்டத்தாருக்கும், 1972இல் அந்தக் கண்டத்து இளைஞருக்கும், எந்நாட்டிலும் செல்லுபடியாகும் பொதுச் சீட்டு வந்தது.

ஆக, நம் கையிலிருந்த சீட்டு பிறருடைய போராட்டத்தின் விளைச்சல். அதை வைத்துக்கொண்டு கண்ணை மூடித் திரிவது, விளைத்தவனுக்குச் செய்யும் நன்றியாகுமா?

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலே தொடங்குகிறோம். அங்குள்ள இரயில் நிலையத்தை 'இருப்புப்பாதைப் பேராலயம்' என்கின்றனர் அவ்வூரார். மிகையன்று. 1905இல் முடிக்கப்பெற்ற அந்த மாளிகையிலே, ஏறத்தாழ 75 மீட்டர் உயரக் கவிகை மாடம், இருபதுக்கும் மேற்பட்ட வகைச் சலவைக் கற்கள், அகன்ற படிக்கட்டு, பொன் பூசிய கடிகாரம். வண்டியை விட்டிறங்கிய நாம் அண்ணாந்து பார்த்தோம், பார்த்துக்கொண்டே நின்றோம். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு போனதும் தெரியவில்லை. வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறோம், மயங்கித்தான் போனோம்.

அந்த மாளிகை எழுந்தது இரண்டாம் லியோபோல்டு மன்னனின் காலத்திலே. 1885 முதல் 1908 வரை, ஆப்பிரிக்காவின் காங்கோ நாடு முழுவதும் அந்த ஒரு மனிதனின் சொந்தச் சொத்து. ஆம், பெல்ஜிய அரசின் குடியேற்ற நாடுகூட அன்று, மன்னனின் தனிச் சொத்து! அங்கே காட்டு ரப்பர் திரட்டும்படி மக்கள் அடித்து விரட்டப்பட்டனர். குறித்த எடை கொண்டுவராத ஊர்கள் கொளுத்தப்பட்டன. பெண்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டனர். சுட்ட குண்டுக்குக் கணக்குக் காட்ட, சிப்பாய்கள் மனிதக் கைகளை வெட்டிக் கொண்டுவந்தனர். அந்த ரப்பரும் தந்தமும் வந்திறங்கிய துறைமுகம் இதே ஆண்ட்வெர்ப். அந்தப் பணத்திலே, பிரஸ்ஸல்ஸ் நகரிலே ஒரு மாபெரும் வெற்றி வளைவு எழுந்தது, நாம் மயங்கிய நிலையம் முடிந்த அதே 1905ஆம் ஆண்டு.

இந்தக் கொடுமையை ஊருக்கு உரைத்தவன் யார்? அருள்வாக்குப் பெற்ற அடியாரா? அசரீரி கேட்ட ஞானியா? இல்லை, ஒரு குமாஸ்தா! இ. டி. மோரல் என்பது அவர் பெயர். லிவர்பூல் கப்பல் நிறுவனம் ஒன்றின் கணக்கர். பிரெஞ்சு மொழி அறிந்தவர் என்பதால் ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பி வைக்கப்பட்டவர். காங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் ரப்பரும் தந்தமும் நிரம்பி வருவதை எல்லோரும் பார்த்தனர்; மகிழ்ந்தனர். மோரல் ஒருவர்தான் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். "வருவது தெரிகிறது; இதற்கு ஈடாகத் திரும்பிப் போவது என்ன?" என்று பார்த்தார். துணியில்லை, கருவியில்லை, விற்பனைப் பொருள் என்று சொல்லத்தக்கதாகப் பெரிதாக ஒன்றுமில்லை. துப்பாக்கி போகிறது, தோட்டா போகிறது, படையாள் போகிறான். விலை கொடுக்காமல் ஒருவன் இவ்வளவு பொருளை எப்படிப் பெற முடியும்? அடிமைப்படுத்தினால்தான் முடியும்! காங்கோ மண்ணை மிதிக்காமலே, கணக்கேட்டிலிருந்தே, உண்மையைக் கண்டு பிடித்தது அவருடைய பகுத்தறிவு. வேலையை உதறினார், 1904இல் காங்கோ சீர்திருத்தக் கழகம் தோன்றியது, 1908இல் காங்கோ அந்த மன்னனின் கையிலிருந்து பறிக்கப்பட்டது.

ஒரு துறைமுகம், ஓராயிரம் கண்கள். எல்லாக் கண்களும் ஒரே காட்சியைத்தான் கண்டன. ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார். இதுவே நம் பயணத்துக்குக் கிடைத்த உரைகல் என்று கொண்டோம். எந்த மாளிகை முன் நின்றாலும், "வந்தது தெரிகிறது, ஈடாகப் போனது என்ன?" என்று கேட்பது.

உடன்வந்த தோழருக்கு இது உவப்பாக இல்லை. கொலோன் நகரிலே வெடித்தது விவாதம். அங்கே நிலைய வாயிலைத் தாண்டியதும் எதிரே வானை முட்டி நிற்கிறது பேராலயம். 157 மீட்டர் உயரம். தோழர் சொன்னார்:

"ஆண்டு முழுதும் அலுவலகத்திலே குனிந்து கிடந்தவன், பத்து நாள் நிமிர்ந்து பார்க்க வந்திருக்கிறான். அவனிடம் போய், அந்தக் கல்லிலே இரத்தம், இந்தத் தூணிலே கண்ணீர் என்று சொல்கிறீர்கள். அழகை அழகாகப் பார்க்கக்கூடாதா? கணக்குப் பார்க்கத் தொடங்கினால் உலகத்திலே எந்தக் கட்டடத்தின் முன்னே நின்று மகிழ முடியும்?"

நியாயமான கேள்வி. பகுத்தறிவாளர் என்றால் பாறை நெஞ்சினர், சிற்பத்தையும் சித்திரத்தையும் ரசிக்கத் தெரியாதவர் என்று பேசித் திரிவோர் உண்டல்லவா? அவர்களுக்கும் சேர்த்தே விடை சொன்னோம். அந்த ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1248ஆம் ஆண்டு. முடிந்தது 1880ஆம் ஆண்டு. 632 ஆண்டுகள்! இடையிலே பணி நின்று, தெற்குக் கோபுரத்தின் மொட்டை உச்சியிலே பாரந்தூக்கும் மரப்பொறி ஒன்று நூற்றாண்டுக் கணக்கிலே நின்றுகொண்டிருந்தது. உளி பிடித்த தந்தை முடிவைக் கண்டதில்லை, மகன் கண்டதில்லை, பேரன் கண்டதில்லை. தான் காணப்போவதில்லை என்று தெரிந்தும், அண்ணாந்து பார்ப்பவன் கண்ணுக்கு எட்டாத உயரத்திலே கூட, ஓர் இலையின் நரம்பைப் பிசகின்றிச் செதுக்கியிருக்கிறான் கல்தச்சன். அந்தக் கையைப் போற்றாமல் வேறு எதைப் போற்றுவது? அழகு குற்றவாளியன்று, தோழரே! அதைக் கட்டியவன் பெயரை மறைத்து, கட்டச் சொன்னவன் பெயரைப் பொறித்தார்களே, அந்த மறைப்புத்தான் குற்றம். "ஈடாகப் போனது என்ன?" என்று கேட்டால்தான் அந்தக் கல்தச்சன் நம் கண்ணுக்கே தெரிகிறான். கணக்குப் பார்ப்பது மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கன்று. மகிழ்ச்சிக்கு உரியவன் யாரென்று அறிவதற்கு.

தோழர் முழுதும் ஏற்கவில்லை. "பார்ப்போம்" என்றார். பாரிசுக்கு வண்டியேறினோம்.

பாரிஸ் நகரிலே, மோன்மார்த்ர் குன்றின்மேல் வெள்ளை வெளேரென்று ஓர் ஆலயம். படிக்கட்டுகளிலே பல நாட்டு மக்கள். படம் பிடிப்பவர், பாட்டுப் பாடுபவர், பொம்மை விற்பவர். ஆலயத்தின் அருகிலேயே, மரங்களுக்கிடையே, ஒரு சின்னஞ்சிறு பூங்கா. அங்கே தலையில் தொப்பியோடு இளைஞன் ஒருவனின் சிலை. நாம் நின்ற அரை மணி நேரத்திலே அதை நோக்கி வந்தவர் எவருமிலர்.

யார் அவன்? லா பார் என்ற இளைஞன். அப்வில் என்ற ஊரிலே, மத ஊர்வலம் ஒன்று சென்றபோது தொப்பியைக் கழற்றவில்லை, மதத்தைப் பழிக்கும் பாட்டுப் பாடினான், இவை குற்றம்! சிலுவை ஒன்றைச் சிதைத்ததாகவும் ஐயம். 1766 ஜூலை முதல் நாள், வதைத்து, தலை வெட்டி, உடலை எரித்தனர். வால்டேரின் தத்துவ அகராதியையும் அவன் உடலோடு சேர்த்துத் தீயிலே எறிந்தனர். அவனுக்கு வயது 20. இதைப் படிக்கும் இளைஞர்களே, உங்களில் பலருக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான் இருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சுதந்திர சிந்தனையாளர்கள், அந்த ஆலயத்துக்கு எதிரிலேயே அவனுக்குச் சிலை எழுப்பினர். 1941இல், நாசிகளுக்குப் பணிந்த விஷி ஆட்சி அதைப் பெயர்த்து உருக்கியது. 2001இல் மீண்டும் எழுந்தது, தொப்பியோடு!

கத்தோலிக்கர் மட்டுந்தானா எரித்தனர்? சீர்திருத்தக் கிறித்துவம் ஆண்ட ஜெனீவாவுக்கு வந்தோம். ஏரியும் நீரூற்றும் கண்டோம். பிறகு, ஷாம்பெல் என்ற மேட்டுப் பகுதியிலே, மருத்துவமனைக்கு அருகே ஒரு கல்லைத் தேடிச் சென்றோம். மிகேல் செர்வெட்டஸ் என்ற ஸ்பானிய மருத்துவர், இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று குருதி தூய்மை பெற்றுத் திரும்புவதை எழுதி வைத்தவர். மும்மைத் தத்துவத்தை மறுத்தவர். கத்தோலிக்கரின் சிறையிலிருந்து தப்பினார். அவர்கள் அவருடைய உருவ பொம்மையை எரித்தனர். ஜெனீவாவுக்கு வந்தார், கால்வினின் ஊரார் அவரையே எரித்தனர்! 1553 அக்டோபர் 27. பாதிரியை எதிர்த்துப் புரட்சி செய்தவர், பாதிரியின் விறகையும் தீப்பந்தத்தையும் மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டனர். சீர்திருத்தம் பேசுவோர் என்றென்றும் நினைவிற் கொள்ளத்தக்க பாடம் இது. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

1903இல், கால்வினின் வழிவந்தவர்களே அங்கே கழுவாய்க் கல் நாட்டினர். தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்ளும் அந்தக் கல், அது அவர்தம் நூற்றாண்டின் பிழை என்று சற்றே பழியைக் காலத்தின் தலையிலும் ஏற்றுகிறது. சிறையிலே வாடும் செர்வெட்டஸின் சிலையை ஒரு பெண் சிற்பி வடித்தபோது, ஜெனீவா அதற்கு இடம் தர மறுத்தது. 1908இல் எல்லைக்கு அப்பால், பிரெஞ்சு நாட்டு அன்மாஸ் நகரிலே அது நிறுவப்பட்டது. அதையும் அதே 1941இல் பெயர்த்தது விஷி ஆட்சி. மறுபடி வார்க்கப்பட்டது 1960இல். கடைசியிலே, 2011இல், மறுத்த அதே ஜெனீவா நகரம் அந்தச் சிலையின் படியொன்றைத் தன் மண்ணிலே நாட்டியது. நூறாண்டு தாமதம், ஆயினும், நாட்டியது.

அங்கிருந்து ரோம். காம்ப்போ தெ ஃபியோரி என்ற சந்தைத் திடல். தக்காளியும் பூவும் விற்கும் கூடாரங்களுக்கு நடுவே, முக்காடிட்ட துறவுக்கோலத்திலே, குனிந்த பார்வையோடு நிற்கிறார் ஜியோர்டானோ புரூனோ. விண்மீன்கள் ஒவ்வொன்றும் ஒரு கதிரவன், அண்டத்துக்கு எல்லையில்லை, உலகங்கள் பலப்பல என்றார். ஏறக்குறைய எட்டாண்டு சிறை. 1600 பிப்ரவரி 17ஆம் நாள், பேச முடியாதபடி நாவைக் கட்டி, இதே திடலிலே எரித்தனர்.

அந்தச் சிலையின் கீழே உட்கார்ந்தபோதுதான் நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஐரோப்பாவின் நகரங்களையெல்லாம் சுற்றியவர்தாம் புரூனோவும்! ஜெனீவா, பாரிஸ், லண்டன், விட்டன்பர்க், பிராக், பிராங்க்பர்ட், வெனிஸ். ஏறக்குறைய நம் சீட்டு செல்லும் ஊர்களே! ஆனால், அவருடையது விடுமுறையன்று, விரட்டல். ஓரூரிலே பேசுவார், பகை மூளும், அடுத்த ஊருக்கு நடப்பார். எங்கே இறங்கலாம் என்று நாம் தேர்ந்தெடுத்தோம். எங்கே உயிரோடிருக்க விடுவார்கள் என்று அவர் தேடினார். கடைசியிலே வெனிசிலே, விருந்தோம்பிய வீட்டுக்காரனே அவரை மதவிசாரணை மன்றத்துக்குக் காட்டிக்கொடுத்தான்.

அந்தச் சிலை எப்படி வந்தது? அரசன் தந்ததன்று, பணக்காரன் ஈந்ததன்று. 1876இல் ரோம் நகரப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய முயற்சி அது. பதின்மூன்று ஆண்டு எதிர்ப்பைத் தாங்கி, 1889 ஜூன் 9ஆம் நாள் நிறைவேறியது. போப்பாண்டவர் கண்டித்தார், சிலை நிற்கிறது. எரித்தவர்களின் பெயரை அறிய இன்று நாம் ஏடுகளைப் புரட்ட வேண்டும். எரிக்கப்பட்டவர் சந்தைக்கு நடுவே நிற்கிறார்!

இந்த இடத்திலே நம் எண்ணம் தெளிவு பெற்றது. ஒரு நகரின் பெருமைக்கு அளவுகோல் எது? பழமையா? பழமை கல்லுக்கும் உண்டு, காட்டுக்கும் உண்டு. அழகா? அழகைக் கொள்ளையடித்த பணத்திலும் வாங்கலாம். தான் செய்த தவறைத் தானே கல்லிலே வெட்டி, நடுத்தெருவிலே நாட்டி, வருவோர் போவோர் எல்லாம் காணட்டும் என்று சொல்லும் துணிவு ஒன்றைத்தான் கொள்ளையடிக்க முடியாது. விலைக்கும் வாங்க முடியாது. அந்தத் துணிவு எந்த ஊரிலே எவ்வளவு உண்டோ, அவ்வளவு பெரியது அந்த ஊர்.

இந்த அளவுகோலின்படி எல்லா ஊர்களும் தேறிவிடவில்லை. காங்கோ விடுதலை பெற்ற அறுபதாம் ஆண்டு நாளிலே, 2020 ஜூன் 30இல், பெல்ஜிய மன்னர் பிலிப் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். வருத்தம் என்று எழுதிய கை, மன்னிப்பு என்று எழுதவில்லை. இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு என்பதைக் காங்கோ மக்கள் அறிவர்.

சீட்டிலே எஞ்சியவை இரண்டே பயண நாட்கள். தோழரின் நெடுநாள் ஆசை வெனிஸ். ரோமிலிருந்து சில மணி நேரம். நமது எண்ணம் பெர்லின். இரவு வண்டியில் மியூனிக், மறுநாள் அங்கிருந்து பெர்லின். எஞ்சிய இரண்டு நாளும் அதற்கே சரி. ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை என்கிறோமே, அதன் எடை அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் கிடைக்கும்போது தேர்வு என்பது விளையாட்டு. ஒன்றுதான் கிடைக்கும் என்னும்போது, எதைத் தேர்ந்தோம் என்பது நாம் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. தோழர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இரவு வண்டிக்கே இடம் கேளுங்கள்" என்றார்.

பெர்லினின் மேற்கே குரூனவால்ட் நிலையம். சுற்றிலும் செல்வர் மாளிகைகள், காட்டு மரங்கள். நகர இரயில்கள் வந்து போகும் மேடைகளுக்கு ஒருபுறத்திலே, வண்டியே வராத ஒரு மேடை. 17ஆம் எண் இருப்புப்பாதை. 1941 அக்டோபர் 18ஆம் நாள் முதல் வண்டி அங்கிருந்து புறப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள், போலந்து நாட்டு லோட்ஸ் நகருக்கு. சிந்தித்தவனின் சிலையை உருக்கிய அதே 1941! கல்லிலும் வெண்கலத்திலும் இருந்த நினைவை அழித்தோர், எலும்பும் தசையுமான மனிதரை அழிக்கப் புறப்பட்ட ஆண்டும் அதுவே. பெர்லினிலிருந்து மட்டும் 50,000க்கும் மேற்பட்ட யூதர்கள் அவ்வாறு அனுப்பப்பட்டனர்.

மேடையின் விளிம்பிலே இரும்புத் தகடுகள், மொத்தம் 186. ஒவ்வொன்றிலும் ஒரு நாள், ஓர் எண்ணிக்கை, ஓர் ஊர். ரிகா, தெரேசியன்ஸ்டட், ஆஷ்விட்ஸ். அவ்வளவே. பாதையிலே மரம் முளைத்திருக்கிறது; அதை வெட்டாமல் விட்டிருக்கின்றனர். இனி இங்கிருந்து ஒரு வண்டியும் புறப்படாது என்பதற்கு அந்த மரமே சாட்சி. 1998இல் இதை அமைத்தது ஜெர்மன் இரயில்வே. தன் முன்னோடி நிறுவனம் செய்ததைத் தானே பொறித்து வைத்திருக்கிறது.

அங்கேதான், முன்பு படித்திருந்த ஒரு செய்தி நம் நெஞ்சை வந்து அறைந்தது. அந்த வண்டிகளுக்குக் கட்டணம் உண்டு! மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டர் கணக்கிலே. கூட்டமாக ஏற்றினால் தள்ளுபடி. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இலவசம். காவலருக்கு மட்டும் போக வரக் கட்டணம், மற்றவர்க்கெல்லாம் ஒருவழிதான். ஓர் அலுவலர் அட்டவணை போட்டார், ஒருவர் கணக்கெழுதினார், ஒருவர் கொடி காட்டினார், ஒருவர் வண்டியை ஓட்டினார். மோரலும் ஒரு குமாஸ்தா, இவர்களும் குமாஸ்தாக்கள். அவர் கணக்கேட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டார். இவர்கள் கூட்டல் சரியாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

நம் கையிலும் ஒரு சீட்டு. நாளும் ஊரும் எழுதப்படாத சீட்டு. தகடுகளிலே நாளும் எண்ணிக்கையும் ஊரும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன, பெயர் இல்லை. அதே கண்டம், அதே இருப்புப்பாதை. ஒருவனுக்கு எங்கே வேண்டுமானாலும் இறங்கும் உரிமை. மற்றவனுக்கு இறங்கவே முடியாத பெட்டி. நெதர்லாந்து இரயில்வே, தன் நாட்டு யூதர்களை ஏற்றிச் சென்றதற்காக 2005இல் மன்னிப்புக் கேட்டது. தப்பிப் பிழைத்தவர்க்கும் இறந்தோரின் குடும்பத்தார்க்கும் 2019இல் இழப்பீடு அறிவித்தது. மாண்டவர் மீளப்போவதில்லை. எனினும், கணக்கு எழுதிய கையே கணக்கைத் திறந்து காட்டுவது சிறு செயலன்று.

தோழர் தகடுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே மேடையின் கோடிவரை நடந்தார். எதிர்ப்பக்கத் தகடுகளையும் படித்துக்கொண்டே திரும்பினார். நகரத்துக்கு மீளும் வண்டியிலே அமர்ந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "வெனிசை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்."

அன்று மாலை, ஸ்பிரீ ஆற்றங்கரையிலே அமர்ந்து, ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்று, வேடிக்கை பேசிச் சிரித்தோம். ஆம், சிரித்தோம்! துயரத்தைக் கண்டவன் சிரிப்பை இழந்துவிட வேண்டும் என்பது துறவியின் தத்துவம். நமக்கு அது வேண்டாம். அந்தத் தகட்டிலே எண்ணாகிப்போன மனிதர்களும் இதே ஆற்றங்கரையிலே மாலைப் பொழுதுகளில் சிரித்தவர்கள்தாமே! அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதன் அருமை தெரிந்து சிரித்தோம்.

இளைஞர்களே, வாய்ப்புக் கிட்டினால் செல்லுங்கள். ஆலயமும் அரண்மனையும் காணுங்கள். கல்தச்சன் கையை வாயாரப் புகழுங்கள். கடைவீதியிலே இனிப்பு வாங்கித் தின்னுங்கள். ஆனால், பத்து நாளில் ஒரு நாளை, வழிகாட்டி நூல் மறந்துவிட்ட ஏதாவதொரு நிலையத்துக்கென ஒதுக்கி வையுங்கள். "வந்தது தெரிகிறது, ஈடாகப் போனது என்ன?" என்று ஒவ்வொரு மாளிகையையும் கேளுங்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தக் கேள்வியை, ஊர் திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அந்நிய ஊரின் பழியை ஆராய எவராலும் முடியும். பிறந்த ஊரிலே இறங்கும்போதும் அதே கண்ணோடு இறங்குவதுதான் கடினம். புரூனோவுக்குச் சிலை எடுத்தவர்கள் அதே ரோம் நகரத்து மாணவர்கள் என்பதை மறவாதீர்கள்.

எந்த வண்டியிலும் ஏறும் உரிமையைச் சீட்டு தந்துவிடும். இறங்கும் இடத்தை நாமேதான் தேர வேண்டும்.